ஊசி குத்தாத கால்

தையல் மிஷின் ஊசி ஒடிந்து அதில் பாதி காணாமல் போய்விட்டது. அந்தப் பாதியைத்தான் தீர்த்தகிரி காலையிலிருந்து தேடிக்கொண்டிருந்தார்.

மிஷினுக்கு அடியில் பெருக்கிப் பார்த்தார். காந்தத்தை நூலில் கட்டித் தரையெல்லாம் இழுத்துப் பார்த்தார். தைத்துக்கொண்டிருந்த மணியக்காரர் சட்டையை நாலு தரம் உதறிப் பார்த்தார். ஒடிந்த ஊசி மணியக்காரர் முதுகில் அகப்பட்டால் அப்புறம் அந்த ஊரில் தையல் கடை வைத்திருக்க முடியாது. நடுவே இரண்டு தரம் கிணற்றடிக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். அந்த வருஷம் அவருக்குத் தாகம் ஒரு தினுசாகத்தான் இருந்தது. வீட்டில் நிரப்பி வைக்கிற குடம் அவர் ஒருத்தருக்கே பற்றவில்லை.

கடைசியில் ஊசியை அவர் மனைவி மயிலம்மாள் கண்டுபிடித்தாள். அவர் மிஷினை மிதிக்க உட்கார்ந்தபோது இடது குதிகாலில் ஏதோ மின்னியது.

"ஏனுங்க, கால்ல என்னுங்க அது?"

அரை அங்குலத்துக்கு ஊசி உள்ளே இறங்கியிருந்தது. அதோடுதான் மனுஷர் கிணற்றடிக்குப் போய் வந்திருக்கிறார். மயிலம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு பிடுங்கினாள். கண்ணில் நீர் வந்தது அவளுக்குத்தான். தீர்த்தகிரி அடுத்தவர் காலை வேடிக்கை பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். எப்போது குத்திற்று என்று கேட்டாள். தெரியவில்லை என்றார்.

இதையெல்லாம் வாசலில் நின்று பார்த்தவள் எதிர்வீட்டு அங்காளம்மாள். சித்திரையில் கொடுத்த துணி ஆடி பிறந்தும் ரவிக்கை ஆகவில்லை என்று இரண்டில் ஒன்று பார்த்துவிட வந்திருந்தாள். கொண்டுவந்த சண்டை தொண்டையிலேயே நின்றுவிட்டது. கன்னத்தில் போட்டுக்கொண்டு, ரவிக்கையைப் பற்றி மூச்சு விடாமல் திரும்பிப் போனாள்.

தீர்த்தகிரிக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. பின்னால் வந்த வினைக்கெல்லாம் அந்தச் சின்ன சந்தோஷம்தான் காரணம் என்று நான் சொல்வேன்.

திருச்செங்கோட்டுக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே இருக்கிற வெள்ளைக்கல்பட்டி அவர் ஊர். ஆடி மாதம் அங்கே மாரியாயி கோயில் குண்டம். ஆளுயர நீளத்துக்கு நாலு பங்கு குழி வெட்டி, வேல மரத்தை எரித்துத் தணலாக்கி, அதில் வெறுங்காலோடு நடப்பார்கள். வருஷா வருஷம் முப்பது நாற்பது பேர் இறங்குவது வழக்கம். ஆனால் ஜில்லாவில் கள்ளுக்கடைகளை மூடிப் பத்து மாதம் ஆகியிருந்தது. மூடின பிறகுதான் ஒருத்தருக்கு முழங்கால் வலி இருப்பதும், இன்னொருத்தருக்குப் பங்காளி வீட்டுத் தீட்டு இருப்பதும் தெரிய வந்தது. காப்புக் கட்டினவர்கள் ஏழே பேர். அவர்களும் பூசாரி கண்ணில் படாமல் நடமாடினார்கள்.

அந்தக் கோயிலில் பூசாரிப் பட்டம் அப்பனிடமிருந்து பிள்ளைக்குப் போவதில்லை. குண்டத்தில் எவன் அவசரப்படாமல் நிற்கிறானோ அவனை ஆத்தா பிடித்துக்கொண்டாள் என்று அர்த்தம். அவன் மலைக்குப் போய் மூன்று மாதம் ஆத்தாளோடு இருந்துவிட்டுப் பூசாரியாகத் திரும்பி வருவான். எந்த மலை என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் நாக்கு இழுத்துக்கொள்ளும் என்று ஒரு பயம். இப்போதிருக்கிற செங்கோடப் பூசாரி பன்னிரண்டு வருஷத்துக்கு முன் அப்படிப் போய் வந்தவர்.

ஊர் ஆண்பிள்ளைகளெல்லாம் முழங்காலுக்கு மேல் வேட்டியைத் தூக்கிக் கட்டுவார்கள். செங்கோடப் பூசாரியின் வேட்டி மட்டும் தரையைக் கூட்டும். கையில் வேலை ஊன்றி மெல்லத்தான் நடப்பார். என்ன சொன்னாலும் தரையில் உட்கார மாட்டார். அவருடைய வேட்டிக் கிழிசல் தைக்க வரும்போதெல்லாம் தீர்த்தகிரி ஒன்றைக் கவனித்திருந்தார். இடப்பக்கம் கீழ்க்கரை மட்டும்தான் நைந்திருக்கும், வலப்பக்கம் புதுக்கருக்கு மாறாமல் இருக்கும். ஆத்தா இடப்பக்கம் நின்று வேட்டியைப் பிடித்து இழுக்கிறாள் என்று ஊரில் பேச்சு.

ஊசி சமாச்சாரம் காதுக்கு எட்டின அன்றைக்கு மத்தியானமே பூசாரி கடைக்கு வந்துவிட்டார். வெயிலில் தெரு வெறிச்சென்று கிடந்தது. பலகையில் உட்கார்ந்து, சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, தீர்த்தகிரியின் முகத்தைப் பார்க்காமல் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தாகம் அடங்க மாட்டேங்குதுங்களா?"

"ஆமாங்க சாமி."

"நடக்கையில தரையில பஞ்சு விரிச்சாப்பல இருக்கும். பாதத்துல எறும்பு ஊரும். குனிஞ்சு பாத்தா எறும்பே இருக்காது."

தீர்த்தகிரி தலையை ஆட்டினார். இது இரண்டையும் அவர் யாரிடமும் சொன்னதில்லை.

"ஒரு நாளு செருப்பு ஒண்ணு வழியில கழண்டு உழுந்து, அது தெரியாம ஊடு வந்து சேர்ந்தீங்க."

அந்த வெயிலில் தீர்த்தகிரிக்கு மயிர்க்கால் குத்திட்டு நின்றது. வைகாசியில் ஒற்றைச் செருப்போடு வீடு வந்து சேர்ந்து, பெண்டாட்டிக்குத் தெரிந்தால் மானம் போகும் என்று அதையும் குப்பையில் புதைத்தவர் அவர். புதைக்கும்போது சுற்றிலும் ஒரு ஈ காக்கை இல்லை.

"ஆத்தா உங்க பாதத்தை எடுத்துக்கிட்டா சாமி," என்றார் பூசாரி. "இனி அது உங்களுது இல்லீங்க."

எழுந்து போனார். தெருக்கோடி மண்டபத்துக் கல்லில் வேல் ஊன்றுகிற சத்தம் கேட்டது. அதன் பின்னாலேயே தக் என்று இன்னொரு சத்தம். மறுபடி வேல், மறுபடி தக். ஆத்தாளும் கூடவே நடந்து போகிறாள் என்று மயிலம்மாள் பட்டப்பகலில் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

மறுநாள் தீர்த்தகிரியின் மணிக்கட்டில் காப்புக் கட்டியாகிவிட்டது. ஊரே அவரைக் கும்பிட்டது. கை நீளம் மாறித் தைத்த சட்டையைக்கூட மணியக்காரர் மறுபேச்சில்லாமல் போட்டுக்கொண்டு, ஒரு கையை மடித்து விட்டுக்கொண்டார். இருபது வருஷமாக ஏச்சு வாங்கியே பழகின மனுஷருக்கு இதெல்லாம் சுகமாகத்தான் இருந்தது.

மயிலம்மாளுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. வீட்டுக்குப் பின்னால் வேலியோரம் அவர் ஒதுங்குகிற இடத்தில் எறும்பு சாரை சாரையாக வந்தது. சர்க்கரைப் பாகு கொட்டின இடத்தில்தான் அவள் அப்படிப் பார்த்திருக்கிறாள். வியாழக்கிழமைச் சந்தைக்கு என்று சொல்லி அவரைக் கிளப்பி, சந்தைப்பேட்டைப் பக்கத்து மிஷன் மருந்துக்கடைக்கு அழைத்துப் போனாள். அங்கே சூசைமாணிக்கம் என்று ஒரு கம்பவுண்டர், போன வருஷம்தான் மாற்றலாகி வந்தவர். எறும்பு என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் அவர் கண்ணாடிக் குழாயை எடுத்துவிட்டார். நீல மருந்தோடு தீர்த்தகிரியின் சிறுநீரில் சில சொட்டு விட்டுச் சூடு காட்டினார். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்தில் வந்து நின்றது.

நீரிழிவு என்றார் கம்பவுண்டர். அது உள்ளுக்குள் ரொம்ப நாளாக இருந்து பாதத்து நரம்பைக் கொன்றுவிட்டது, கண்ணையும் மங்க வைக்கிறது என்றார். அரிசிச் சோறும் வெல்லமும் ஆகாது. வீட்டுக்குள்ளேயும் செருப்போடு நடக்க வேண்டும். தினம் காலையில் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்த்து, புண் இருந்தால் அன்றைக்கே ஓடி வர வேண்டும். காப்பைப் பார்த்துவிட்டு அது என்ன என்று கேட்டார். மயிலம்மாள் சொன்னாள். அவர் குழாயைக் கீழே வைத்துவிட்டார்.

"நெருப்பு உங்களையும் சுடுமுங்க. சுடறது உங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். இறங்கினீங்கன்னா கால் போயிரும்."

தீர்த்தகிரிக்கு அப்போதுதான் பயம் பிடித்தது. கால் போனால் மிஷினை எதை வைத்து மிதிப்பது? வீட்டுக்கு வந்ததும் நேரே கோயிலுக்குப் போய், கூடியிருந்தவர்களிடம் தமக்கு இருப்பது வியாதி என்றும், மருந்துக்கடையில் சோதித்துப் பார்த்தாயிற்று என்றும், நீல மருந்து சிவப்பாகிவிட்டது என்றும் விவரமாகச் சொன்னார்.

அங்கேதான் தப்புப் பண்ணினார். பாதிரி மருந்து இவர் தண்ணீர் பட்டதும் குங்குமமாகிவிட்டது என்று பொழுது சாய்வதற்குள் எட்டு ஊருக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் இரண்டு பெண்பிள்ளைகள் சொம்போடு வந்து பின்பக்க வேலியோரம் நின்றார்கள். மயிலம்மாள் விளக்குமாற்றை எடுத்தபின்தான் போனார்கள்.

சோற்றையும் வெல்லத்தையும் விட்டார். விரதம் என்றார்கள். வீட்டுக்குள் செருப்புப் போட்டார். ஆத்தா பாதம் மண்ணில் படக்கூடாதாம் என்று நாலு பேர் அவரை நாற்காலியோடு தூக்கிக் கிணற்றடிக்குக் கொண்டுபோய் இறக்கினார்கள். காலையில் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்த்ததை அங்காளம்மாள் எட்டிப் பார்த்துவிட்டாள். அதோடு அவர் உள்ளங்காலில் ஆத்தா முகம் தெரிவதாகச் சொல்லி வாசலில் வரிசை நின்றது. வந்தவர்களெல்லாம் தெரிகிறது தெரிகிறது என்றார்கள். தீர்த்தகிரியும் மங்கின கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார். ஒரு நாள் அவருக்கே அதில் ஏதோ ஒரு முகம் தெரிந்தது. அதற்கப்புறம் கண்ணாடியை மயிலம்மாளிடம் கொடுத்துவிட்டார்.

கம்பவுண்டர் சொன்ன பத்தியம் ஒவ்வொன்றும் இவரைக் குண்டத்துக்குப் பக்கத்தில் தள்ளிக்கொண்டு போயிற்று. கடைசியில் பூசாரி காலிலேயே விழுந்துவிடுவது என்று பிற்பகலில் தனியாகக் கோயிலுக்குப் போனார். பூசாரி கல்மேல் உட்கார்ந்திருந்தார். யாரோ வைத்துவிட்டுப் போன சர்க்கரைப் பொங்கல் இலையோடு அப்படியே இருந்தது, அதை அவர் தொடவே இல்லை. தீர்த்தகிரி எல்லாவற்றையும் சொல்லி அழுதார். காலைப் பிடிக்கக் குனிந்தபோது பூசாரி வேட்டியை இழுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

"இறங்கினாலும் ஆத்தாகிட்டத்தான் போவீங்க, இறங்காட்டியும் ஆத்தாகிட்டத்தான் போவீங்க. இறங்கிட்டுப் போனா மருவாதையா இருக்கும் சாமி."

அதைச் சொல்லும்போது அவர் கண்ணிலும் ஈரம் இருந்தது. தீர்த்தகிரிக்கு அதுதான் ரொம்ப பயமாக இருந்தது.

மேச்சேரியில் இருக்கிற தன் அண்ணன் வீட்டுக்கு ஓடிவிடலாம் என்றாள் மயிலம்மாள். ஆனால் காப்புக் கட்டினவன் ஊர் எல்லைக்கு வெளியே ராத்தங்கக்கூடாது, வாசலில் எந்நேரமும் பத்துப் பேர் காவல். அப்புறம் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். தணலில் ஒரு கால் வைத்த உடனே சுடுது சுடுது என்று கத்திக்கொண்டு திரும்பி ஓடி வந்துவிட வேண்டும். ஆத்தா இவனை விட்டுவிட்டாள் என்று ஊரும் விட்டுவிடும். ஒரு கால் ஒரு கணம் பட்டால் கொப்புளத்தோடு போய்விடும், அதைக் கம்பவுண்டர் பார்த்துக்கொள்வார். கொஞ்சம் வெட்கம்தான், வெட்கத்தால் யாருக்கும் கால் போனதில்லை.

நல்ல யோசனைதான். தீர்த்தகிரி மூன்று நாள் கதவைச் சாத்திக்கொண்டு கத்திப் பழகினார். வெளியே கேட்டவர்கள் அருள் வந்துவிட்டது என்று கற்பூரம் கொளுத்தினார்கள்.

குண்டத்தன்று விடிந்து வெயில் ஏறுகிற நேரம். பம்பையும் உடுக்கையும் காதைத் துளைத்தன. புகையில் எதிரே இருக்கிற ஆள் தெரியவில்லை, அவர் கண்ணுக்கு ஏற்கெனவே பாதிதான் தெரியும். குண்டம் வரைக்கும் வழியில் மஞ்சள் நீர் தெளித்து வேப்பிலை பரப்பியிருந்தார்கள். பூசாரி குண்டத்துக்கு எதிர்க்கரையில் வேலை ஊன்றி நின்றுகொண்டு கையை அசைத்தார்.

தீர்த்தகிரி நடந்தார். வேப்பிலை மேல் நடப்பதும் தெரியவில்லை, ஈர மண்ணில் நடப்பதும் தெரியவில்லை, எப்போதும்போலப் பஞ்சுதான். முகத்தில் அனல் அடித்தது. அது நாலா பக்கமும்தான் அடித்தது. சுட்டவுடன் கத்த வேண்டும் என்று வாயைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு அடியாக வைத்தார். சுடவில்லை. இன்னும் கொஞ்சம் நடந்தார். அப்போதும் சுடவில்லை. பம்பைக்காரர்கள் ஒவ்வொருத்தராக நிறுத்தினார்கள். கூட்டத்தில் இருமல் சத்தம்கூட இல்லை. என்ன ஆயிற்று என்று அவருக்குச் சந்தேகம் வந்து, நின்ற இடத்திலேயே நின்று, எதிர்க்கரையைப் பார்த்துக் கேட்டார்.

"குண்டம் இன்னும் வரலீங்களா சாமி?"

குண்டத்துக்கு நட்டநடுவில் நின்றுகொண்டு கேட்டார்.

அத்தனை பேரும் அப்படியே தரையில் விழுந்துவிட்டார்கள். ஒருத்தி மட்டும் விழவில்லை. கரையோரமாக ஓடிக்கொண்டே மயிலம்மாள், நடங்க, நடங்க, நிக்காதீங்க என்று கதறினாள். அந்தக் கூட்டத்தில் அவருடைய கால்மேல் பிரியம் வைத்திருந்தவள் அவள் ஒருத்திதான். அவள் குரலைக் கேட்டுத்தான் அவர் குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டு ஓடினார். கரையேறின பிறகு ஞாபகம் வந்து, பழகி வைத்திருந்தபடி சுடுது சுடுது என்று கத்தினார்.

பூசாரி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "இப்பக் கத்தி என்னுங்க சாமி ஆகப் போகுது," என்றார்.

ஆறாம் நாள் இடது கால் விரல்கள் கறுத்துவிட்டன. அது ஆத்தா நிறம் என்று ஊரார் மஞ்சள் பூச வந்தார்கள். மயிலம்மாள் யாரையும் கேட்காமல் ஒரு வண்டி பிடித்தாள். இந்தத் தடவை ஒருத்தரும் தடுக்கவில்லை. கைகூப்பி வழிவிட்டார்கள், மலைக்குப் போகிறார் என்று சிலர் முணுமுணுத்தார்கள். கம்பவுண்டர் பார்த்துவிட்டு உடனே சேலத்து மிஷன் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அங்கே டாக்டரம்மா வலது காலைக் காப்பாற்றினாள். இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று.

உயிர் பிழைத்தார். தினம் இரண்டு வேளை சீமை மருந்தைக் கையில் ஊசியாகப் போட்டார்கள். குதிகாலில் அரை ஊசியோடு கிணற்றடிக்குப் போய் வந்த மனுஷர் ஒவ்வொரு தடவையும் அம்மா அம்மா என்று அலறி வார்டையே கூட்டினார். மற்ற நேரமெல்லாம் ஜன்னல் வழியே சேர்வராயன் மலையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். ஒற்றைக் காலால் மிஷின் மிதிக்க முடியுமா என்பதுதான் யோசனை. முடியும், மெல்ல மிதிக்கலாம் என்று மயிலம்மாள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

மூன்றாம் மாதம் அவள் ஊருக்குப் போய் ஒரு மூட்டையோடு திரும்பினாள். செங்கோடப் பூசாரிக்கு இரண்டு கண்ணும் அவிந்துவிட்டதாம். இனி தீர்த்தகிரிதான் பூசாரி என்று ஊர் முடிவு செய்துவிட்டதாம். தையல் மிஷினைக்கூடத் தூக்கிக்கொண்டுபோய்க் கோயிலில் வைத்துப் பொட்டு வைத்துவிட்டார்களாம். பூசாரி தம் கையால் கொடுத்தனுப்பியது என்று மூட்டையை அவிழ்த்தாள். வேலும், ஒரு பழைய வேட்டியும் இருந்தன. வேட்டியில் கற்பூர வாசம் அடித்தது. இடப்பக்கம் கீழ்க்கரையில் தீர்த்தகிரி கைப்படத் தைத்த ஒட்டுகள் நாலும் அப்படியே இருந்தன.

அந்தச் சமயத்தில் வார்டு ஆயா தெரசம்மாள், தச்சன் செய்து கொடுத்த மரக்காலைக் கொண்டுவந்து கட்டிலோரம் நிறுத்தினாள். கல் தரையில் தக் என்று சத்தம் கேட்டது. எங்கேயோ கேட்ட சத்தம் மாதிரி இருக்கிறதே என்று தீர்த்தகிரி கொஞ்சநேரம் அதைப் பார்த்தார். பிறகு தொழில் புத்தியில் வேட்டியை விரித்து முழம் போட்டார். இது தரையைக் கூட்டும், இவ்வளவு நீளம் எனக்கு எதற்கு, கீழே ஒரு முழம் வெட்டிவிட்டால் சரியாக இருக்கும் என்று மயிலம்மாளிடம் கத்தரி கேட்டார்.

"வெட்டிராதீங்க சாமி, அந்த நீளம் வேணுமுங்க," என்றாள் தெரசம்மாள். "உங்க ஊர்ப் பூசாரிங்கள்ல இந்தக் கட்டில்ல படுத்து எந்திரிச்சுப் போறது நீங்க நாலாவது ஆளுங்க."